பழைய வேட்டியும் பச்சைக் குழந்தையும்

வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி உறுதிப்பட்டதும், முன்னாளில் மூத்த ஸ்திரீகள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, தாத்தாவின் நைந்த வேட்டிகளையும் பாட்டியின் சாயம் போன சுங்குடிச் சேலைகளையும் வெளியே எடுத்து, இற்றுப்போன இடங்களை ஒதுக்கி, மிஞ்சியதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மடித்து அடுக்கி வைப்பதாகும். இன்று பிரசவத்துக்குப் புறப்படும் பையில் முதலில் ஏறுவது கடையில் வாங்கிய டயப்பர் பொட்டலம். ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்துவிட்ட இந்த மாறுதலை யாரும் உட்கார்ந்து யோசித்து, லாப நஷ்டம் பார்த்து ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. விளம்பரமும் அவசர வாழ்க்கையும் கூடி நம்மை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டன. வீட்டிலுள்ள பழந்துணியைக் கொண்டே குழந்தைக்கு வேண்டிய துணி டயப்பரையும் அதன் மேலுறையையும் தைத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என்பதும், அப்படிக் கைக்கொள்ளும்போது அதன் பாரம் முழுவதையும் பெற்றவளின் தலையில் ஏற்றிவிடக் கூடாது என்பதும் என் அபிப்பிராயம்.

புதுத்துணியை விட்டுப் பழந்துணியைத் தேடியதற்கு வறுமைதான் காரணம் என்று எண்ணுவோர் உண்டு. வறுமையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்; ஆனால் பெட்டி நிறையப் பட்டு வைத்திருந்த குடும்பங்களிலும், பிறந்த சிசுவின் உடம்பில் கோடித்துணி படலாகாது, ஆயுள் நிறைந்த பெரியவர் ஒருவர் உடுத்திய துணியே முதலில் படவேண்டும் என்ற சம்பிரதாயம் இருந்தது. நம்பிக்கையை ஒருபுறம் ஒதுக்கி வைத்தாலும், துணியின் குணமே அந்தச் சம்பிரதாயத்துக்குச் சாட்சி சொல்கிறது. பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. வெளுக்காத காடாத் துணியில் அது அப்படியே தங்கியிருக்கும். நெசவுக்கு முன் பாவுக்கு ஏற்றிய கஞ்சியும் அதனோடு சேர்ந்துகொள்ளும். கடையிலிருந்து வந்த புதுத்துண்டு முதல் நாள் ஈரத்தை வாங்காமல் உடம்பின்மேல் தள்ளிக்கொண்டு போவது இதனால்தான். பலமுறை துவைத்து, பலநாள் வெயில் பட்டு, மெழுகும் கஞ்சியும் கரைந்து, இழை இளகிய பிறகே பருத்தி தன் முழு உறிஞ்சும் சக்தியைப் பெறுகிறது. தாத்தா பல்லாண்டு உடுத்தித் துவைத்த வேட்டி, அந்தப் பக்குவத்தை அடைந்த பிறகே குழந்தையிடம் வந்து சேர்ந்தது. ஒரு சேலை முதலில் உடுத்தப்பட்டு, பிறகு தூளியாகத் தொங்கி, பிறகு குழந்தையின் இடுப்புக்கு வந்து, கடைசியில் அடுப்படியில் கரித்துணியாக முடிந்த காலத்தில், துணியின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வேலை இருந்தது.

பழந்துணியைப் பற்றிப் பேசினாலே பத்தாம்பசலித்தனம் என்று பரிகசிக்கிறவர்கள், இன்றைய டயப்பரின் பிறப்பு வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த ஆண்டில், அதாவது 1946-இல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த மேரியன் டோனவன் என்னும் இளம் தாய், குழந்தையின் துணியோடு படுக்கையும் சேர்ந்து நனைந்துபோகும் தொல்லையைப் பொறுக்கமாட்டாமல், தன் வீட்டுக் குளியலறையில் தொங்கிய நீர்புகாத் திரையை எடுத்து வெட்டி, தன் தையல் மெஷினிலேயே ஓட்டி, துணிக்குமேல் அணிவிக்கத்தக்க ஓர் உறையைத் தைத்தார். அந்நாளில் வழக்கிலிருந்த ரப்பர் ஜட்டிகள் குழந்தையின் தோலை வேகவைத்தன. ஆகவே அவர் பலவகைத் துணிகளைச் சோதித்து, முடிவில் பாராசூட் செய்யும் நைலான் துணியைத் தேர்ந்துகொண்டார். குழந்தையைக் குத்தக்கூடிய ஊக்குகளை நீக்கி, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன்களையும் அமைத்தார். உற்பத்தியாளர்கள் எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் தாமே முனைந்து செய்ததை, நியூயார்க்கின் புகழ்பெற்ற அங்காடியான சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ 1949-இல் விற்பனைக்கு வைத்தது. 1951-இல் காப்புரிமை கிடைத்தது. உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அதன்பின், உபயோகித்து எறியக்கூடிய காகித டயப்பர் ஒன்றைப் பற்றியும் அவர் யோசித்து உற்பத்தியாளர்களை அணுகினார், அப்போதும் கேட்பாரில்லை. விக்டர் மில்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில் உருவான பாம்பர்ஸ் டயப்பரை பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1961-இல். ஆலைகள் பின்னால் வந்தன என்பதும், ஒரு தாயின் தையல் மெஷினும் வீட்டில் தொங்கிய ஒரு திரையும் முன்னால் நின்றன என்பதும் இந்த வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி. வீட்டிலே தைக்கும் டயப்பரை நாகரிகத்துக்குப் பகையென்று யாரும் சொல்ல இடமில்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். எந்தத் துணியை எடுப்பது என்பதே முதற்கேள்வி. பருத்தி உறிஞ்சும், பாலியஸ்டர் உறிஞ்சாது. ஆனால் இன்று நம் பீரோவில் கிடக்கும் துணிகளில் பாதி இரண்டும் கலந்தவை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதவை. அதற்கு எளிய சோதனைகள் இரண்டு உண்டு. துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பாத்திரத்தின்மேல் பிடித்துக்கொண்டு நெருப்புக் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான ஒரு மணியாக நிற்கும். அடுத்தது, துணியை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீரை விடுவது: உடனே பரவி மறைந்தால் அந்தத் துணி குழந்தைக்கு ஆகும்; முத்தாக நின்றால் ஆகாது. இந்தச் சோதனைகளில் தேறுகிற வேட்டி, சுங்குடி, மல்மல், பழைய பருத்தி பனியன், நைந்த படுக்கை விரிப்பு எல்லாம் நமக்கு மூலதனம். இவற்றுக்கெல்லாம் மேலாக நான் கருதுவது ஈரிழைத் துண்டு. இரட்டை இழையில் நெய்யப்பட்டு, பத்துப் பதினைந்து முறை துவைத்துப் பழகிய ஈரிழைத் துண்டைப்போல் ஈரத்தை வாங்குவதும், வாங்கிய ஈரத்தை வெயிலில் விரைவில் விடுவதும் வேறில்லை. சரிகைக் கரையையும், கெட்டிச் சாயம் ஏற்றிய முந்தானையையும் வெட்டி விலக்கிவிட வேண்டும். பழந்துணி விற்கும் கடையில் வாங்கியதானால், முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

ஓர் எட்டு முழ வேட்டி சுமார் 144 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உடையது. அதை நீளவாக்கில் நடுவே இரண்டாகக் கிழித்து, 25 அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் பத்துச் சதுரங்கள் கிடைக்கும்; மிஞ்சுகிற 19 அங்குலத் துண்டுகள் இரண்டும் வீணாகா, உள்ளே வைக்கும் திண்டுக்கு ஆகும். ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்தையும் இருமுறை மடித்துத் தைத்துவிட வேண்டும். இது அழகுக்காகச் சொல்லுவதன்று. தைக்காத ஓரத்திலிருந்து பிரிந்து தொங்கும் ஒரு நூல், புரண்டு படுக்கும் குழந்தையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டு இறுகி, இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடக்கூடும். சிசுவுக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். ஆகையால் தைத்து முடித்ததும் ஒவ்வொரு சதுரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மிச்ச நூல்களை ஒட்டக் கத்தரிப்பது தையலின் கடைசிப் பகுதி என்றே கொள்ளவேண்டும். பின்னல் துணியான பனியனில் இழை பிரிவதில்லை என்பதால் ஓரம் தைக்காமலே விடலாம். ஆனால் அதைத் தைக்கும் இடங்களில் முனை மழுங்கிய ஊசி வேண்டும், இல்லையேல் கண்ணி அறுந்து துளை விழும். நூலும் பருத்தி நூலாக இருக்கவேண்டுமென்று பிடிவாதம் கொள்ள வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வெந்நீர் காணும் தையலுக்குப் பாலியஸ்டர் நூலே தாங்கும்.

சதுரத்தை முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சிடுவது பழைய முறை. முதல் மாதத்துச் சிசுவுக்கு அதைவிடச் சிறந்தது இன்றுவரை இல்லை. குழந்தை வளர்ந்து, ஒரே சமயத்தில் வெளியேறும் சிறுநீரின் அளவு கூடும்போது நடுவே திண்டு தேவைப்படும். 15 அங்குல அகலமும் 16 அங்குல நீளமும் உள்ள இரட்டைத் துணியை எடுத்து, நீளவாக்கில் மூன்று சம பாகமாகக் கோடிட்டு, நடுப்பாகத்தினுள் ஈரிழைத் துண்டின் இரண்டு மூன்று அடுக்குகளைச் செருகி, இரு கோடுகளின்மேலும் தையல் ஓட்டிவிட்டால், மூன்றாக மடித்து வைக்கத்தக்க நல்ல திண்டு ஒன்று கிடைக்கிறது. பல அடுக்குகளை ஒன்றாகத் தைத்துத் தடித்த மெத்தையாக்கிவிடலாமே என்று புதிதாகத் தைப்பவர்களுக்கு ஆசை எழுவது இயல்பு. அப்படித் தைத்தது நன்றாக உறிஞ்சும், ஆனால் உலராது. சித்திரை வெயிலில் அது தெரியாது. ஐப்பசி அடைமழையில் மூன்று நாளாகியும் நடுவில் ஈரம் விடாமல் வாடை எடுக்கும்போது தெரியும். மடித்தால் பல அடுக்காகவும், விரித்தால் ஓரிரு அடுக்காகவும் இருப்பதே நம் நாட்டுத் துணிக்கு உரிய லட்சணம்.

மேலுறை சற்று நுட்பமான வேலை. குழந்தைக்குப் பொருந்துகிற டயப்பர் ஒன்றைப் பழைய செய்தித்தாளின்மேல் விரித்துப் பிடித்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டுக் கோடிழுத்து வெட்டினால், நடு இறுகி இருபுறமும் விரிந்த அச்சு கிடைத்துவிடும். பழைய மழைக்கோட்டு, கம்பி ஒடிந்த குடையின் நைலான் துணி, ஒருபுறம் பாலியூரிதேன் படலம் பதித்த பின்னல் துணி ஆகியவற்றுள் கிடைத்ததை அந்த அச்சின்படி வெட்டி, இரு கால் வளைவுகளிலும், முதுகுப்புறத்திலும், வளைவின் நீளத்தைவிடக் குறைவாக நறுக்கிய எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத் தைக்கவேண்டும். தொடையில் சிவந்த தடம் விழுந்தால் எலாஸ்டிக் இறுக்கம். தொடைக்கும் துணிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் தளர்ச்சி. நனையும் இடத்தில் குண்டூசி குத்தித் தைக்கவே கூடாது. துளை விழுந்த இடமெல்லாம் கசியும். குளிர்நாடுகளில் பழைய கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டுச் சுருக்கி இறுக்கி, அதை வெட்டி மேலுறை தைத்து, ஆட்டுக் கம்பளியின் கொழுப்பான லானோலினை ஏற்றி உபயோகிக்கிறார்கள். கம்பளி ஈரத்தைத் தடுப்பதோடு காற்றையும் விடும். உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம். சமவெளியில் இருக்கும் நமக்கு மேலுறையே பெரும்பாலும் வெளியூர்ப் பயணத்துக்கும், இரவுக்கும்தான் வேண்டியிருக்கிறது. நாள் முழுதும் நைலானைக் கட்டிவைத்து, உள்ளே வியர்வையும் சிறுநீரும் கலந்து வேகவிடுவது, ஒருகாலத்தில் கடைதோறும் விற்ற பிளாஸ்டிக் ஜட்டியின் பிழையைத் திரும்பச் செய்வதாகும்.

துவைப்பதைப் பற்றிப் பேசாமல் துணி டயப்பரைப் புகழ்வது நேர்மையாகாது. மலத்தைக் கழிப்பறையில் தள்ளிவிட்டு, குளிர்ந்த நீரில் அலசி, பின் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, சோப்பின் மிச்சம் சிறிதும் தங்காமல் நிறைய நீரில் அலசி, வெயிலில் விரிக்கவேண்டும். துணியை மிருதுவாக்கும் என்று விற்கப்படும் வாசனைத் திரவங்களை இதில் சேர்க்கக் கூடாது. அவை இழையின்மேல் படலமாகப் படிந்து, பல்லாண்டு துவைத்துப் பெற்ற உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும். சூரிய ஒளி கறையை வெளுப்பிக்கிறது, கிருமிகளையும் குறைக்கிறது. அதற்கு மின்கட்டணம் கிடையாது. அப்போது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியதாயிருந்த சுற்றுச்சூழல் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. ஒரு குழந்தை இரண்டரை ஆண்டு உபயோகிக்கும் எறியும் டயப்பரால் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பப் பாதிப்பு உண்டாகிறதென்றும், துணி டயப்பரால் சுமார் 570 கிலோ உண்டாகிறதென்றும் அது கணக்கிட்டது. துணியை ஆதரிப்பவர்கள் இதைக் கேட்டுத் துணுக்குறலாம். ஆனால் அந்த ஆய்வே மேலும் சொன்னது: மெஷின் நிறையத் துணி சேர்த்துத் துவைத்து, எப்போதும் வெளியே கொடியில் உலர்த்தி, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் உபயோகித்தால், அந்தப் பாதிப்பு 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதாவது நன்மையும் தீமையும் துணியில் இல்லை. துவைத்து உலர்த்தும் முறையில் இருக்கிறது. மேகமூட்டத்துக்கிடையே மின்சார உலர்த்தியை நம்பி வாழும் தேசத்தாருக்கே இந்தக் கணக்கென்றால், ஆண்டில் முக்கால்வாசி நாள் மொட்டைமாடி கொதிக்கிற நமக்கு எந்தப் பக்கம் சாதகம் என்று சொல்லவும் வேண்டுமா? துணியும் நமக்குப் புதிதாக நெய்யப்பட்டதன்று. ஏற்கனவே ஓர் ஆயுளை முடித்துக்கொண்ட துணி.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். நாளுக்கு ஆறு டயப்பர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், இரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு 4,380 டயப்பர் ஆகிறது. ஒன்று பத்து ரூபாய் என்றால் 43,800 ரூபாய். பணம் ஒருபுறம் இருக்க, அந்த நாலாயிரத்துச் சொச்சமும் எங்கே போகின்றன? அவற்றின் மேற்பரப்பும் வெளியுறையும் பிளாஸ்டிக். உள்ளே இருப்பது மரக்கூழும், 1980-களில் டயப்பருக்குள் பரவலாகப் புகுந்த சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொடியும். தூய நீரைத் தன் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேலாக வாங்கிக்கொண்டு களியாகிவிடும் அந்தப் பொடி உண்மையில் ஒரு விஞ்ஞான சாமர்த்தியம்தான். ஆனால் அது வாங்கிக்கொண்டதை எறிந்த பிறகும் விடுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உபயோகித்த டயப்பரைப் பத்திரமாகச் சுற்றி உலர்கழிவுத் தொட்டியில் இடவேண்டும் என்று வீட்டாருக்கும், சுற்றுவதற்கு வேண்டிய உறையைக் கொடுப்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்று உற்பத்தியாளருக்கும் சொல்லின. விதி ஏட்டோடு நின்றது. தெருவில் இருப்பது வேறு. சுற்றாமல் எறிந்ததை நாய் கிழித்து இழுத்துப் போகிறது. ஊர்க் குளத்தங்கரையிலும் வாய்க்கால் மதகிலும் ஊதிப்போன வெள்ளைப் பொதிகள் தேங்கி நிற்கின்றன. நகரத்தில் குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளர், அடுத்த வீட்டுக் குழந்தையின் மலத்தைக் கையால் அள்ளுகிறார். சென்னையின் குப்பைமேடுகளான கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தவற்றுள் நம் வீட்டுக் குழந்தைகளின் பங்கும் உண்டு. துணியைத் துவைக்க அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லுகிறவர்கள், அந்த அருவருப்பு மறைந்துவிடவில்லை, இன்னொருவரின் கைக்கு மாறியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்களில் அலட்சியம் செய்யத்தகாதவை சில உண்டு. பிரசவித்த உடம்போடு தாய் இதையெல்லாம் துவைக்கவேண்டுமா என்பது முதலாவது. துவைக்கக் கூடாது என்பதே என் பதில். முன்னாளில் இந்தத் துணிகளைத் துவைத்தவர்கள் யார்? பாட்டி, அத்தை, சித்தி, கூலிக்கு வந்த ஓர் ஏழைப் பெண், எல்லாரும் ஸ்திரீகளே. கூட்டுக்குடும்பம் கலைந்தபோது அவர்கள் கலைந்தார்கள். அந்த இடத்துக்குக் கணவன் வரவில்லை. கடைப் பொட்டலம் வந்தது. எனவே டயப்பரை வாங்கிய பெண்ணைச் சோம்பேறியென்று ஏசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவளுக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அதை அவளுக்குக் கொடுத்தது அந்தப் பொட்டலம் ஒன்றுதான். துணிக்குத் திரும்பவேண்டுமானால், காலையில் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் குழந்தையின் துணிகளை அலசிக் கொடியில் போடுவது தகப்பனின் நித்திய கடமையென்று ஆகவேண்டும். வண்டி துடைப்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்குகிற ஆண்மகனுக்கு இது இயலாத காரியம் அன்று. அந்த உடன்பாடு இல்லாத வீட்டில் துணி டயப்பரைப் பரிந்துரைக்க நான் துணியமாட்டேன்.

மற்ற ஆட்சேபங்கள் இடத்தையும் நீரையும் பற்றியவை. நான்கு மாடிக் குடியிருப்பில் ஓர் அறை வீட்டில் கொடி கட்ட இடமில்லாதவரும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருப்பவரும் சொல்லுவது நியாயமே. வேலைக்குப் போகும் பெண் குழந்தையை விட்டுச் செல்லும் காப்பகங்கள் துணியை ஏற்பதில்லை என்பதும் அனுபவத்தில் காண்பது. ஆகவே முழுவதையும் துணிக்கு மாற்று, இல்லையேல் ஒன்றும் செய்யாதே என்று கட்டளையிடுவது வீண். பகலில் வீட்டில் துணியும், இரவுக்கும் பயணத்துக்கும் கடைச்சரக்கும் என்று பங்கிட்டுக்கொண்டாலே நாலாயிரம் என்பது ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்துவிடும். துணியானால் புண் வராது என்று சிலர் சொல்லுவதையும் நான் ஏற்பதில்லை. ஈரமும் மலமும் தோலில் நெடுநேரம் தங்குவதே செம்புண்ணுக்குக் காரணம். மாற்றாமல் விட்டால் துணியிலும் வரும், கடைச்சரக்கிலும் வரும். ஆனால் நனைந்த துணி தான் நனைந்ததை மறைப்பதில்லை. குழந்தை சிணுங்கும், நாமும் மாற்றுவோம். பல மணி நேரம் உலர்ந்ததைப் போல் தோற்றம் தருகிற பொருளிடம் அந்த நற்குணம் கிடையாது.

தனிப்பட்ட வீடுகளின் முயற்சியோடு இது நின்றுவிடவும் வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 2015-இல் 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் ஒன்றை வழங்கத் தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் கொடுத்துவரும் மாநிலமும் இதுவே. திருப்பூரின் பனியன் ஆலைகளில் நாள்தோறும் வெட்டி ஒதுக்கும் பருத்தித் துண்டுகள், இயந்திரம் துடைக்கும் துணியாகவும் கழிவுப் பஞ்சாகவும் விலைபோகின்றன. ஈரோட்டுச் சந்தையில் காடாத் துணிக்குப் பஞ்சமில்லை. துணி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, தைக்கத் தெரிந்த கைகள் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஏராளமாக இருக்கின்றன, வாங்கிக்கொள்ளும் குழந்தைகளோ ஒவ்வொரு நாளும் பிறக்கின்றன. இந்த நான்கையும் ஓரிடத்தில் கொண்டுவந்து, பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாயின் கையிலும், துவைத்துப் பதப்படுத்திய இருபது சதுரங்களையும் இரண்டு மேலுறைகளையும் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். வார்டிலேயே ஒரு செவிலியர், மடிக்கும் முறையையும் துவைக்கும் முறையையும் கால்மணி நேரம் தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தால் திட்டம் முழுமை பெறும்.

அரசாணை வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஓய்வான இரண்டு மூன்று பிற்பகல்களின் வேலை; தெரியாதவர்களுக்குத் தெருமுனைத் தையல்காரர் ஓரம் அடித்துக் கொடுப்பார். வளைகாப்புக்கு அழைப்பு வந்திருக்கும் வாசகர்கள், இம்முறை வெள்ளிக் கிண்ணத்தோடு, நைந்த வேட்டியிலிருந்து வெட்டி, ஓரம் தைத்து, மிச்ச நூல் கத்தரித்து, வெயிலில் உலர்த்திய இருபது துணிச் சதுரங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவற்றை எப்படித் துவைப்பது என்பதை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லாமல், அவள் கணவனைத் தனியே அழைத்து விவரமாகச் சொல்லிவிட்டு வரட்டும்.